கதைப்புத்தகத்திலிருந்து கைபேசி வரை: எங்கட வீடுகளில் தடையின் வரலாறு

"அந்தப் போனைக் கொஞ்சம் வைச்சிட்டு ஒரு கதைப்புத்தகமாவது எடுத்து வாசியன்."

இந்த வசனத்தை ஒருக்காலும் கேட்காத ஆள் எங்கட வயதில் இருக்க மாட்டார். சொல்லுற அம்மாவும் உண்மையான அக்கறையோடுதான் சொல்லுறா. ஆனால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இரண்டு மூன்று தலைமுறைக்கு முதல், இதே யாழ்ப்பாணத்து வீடுகளில், வளர்ந்த பிள்ளையின் கையிலிருந்து பறிக்கப்பட்ட பொருளே கதைப்புத்தகம்தான். "கதைப்புத்தகம் வாசிச்சுக் கெட்டுப்போகாதை, பாடப்புத்தகத்தை எடு" என்பதுதான் அப்போதைய கண்டிப்பு. அன்றைக்கு நஞ்சாக இருந்தது இன்றைக்கு மருந்தாகிவிட்டது.

இந்த மாற்றம் எப்படி வந்தது என்று யோசித்தால், எங்கட பெற்றோர் பதின்ம வயதுப் பிள்ளைகளின் வாசிப்பையும் கேட்பதையும் பார்ப்பதையும் கட்டுப்படுத்திய நீண்ட வரலாறு ஒன்று தெரியவருகிறது. அதை யாரும் தனியாக எழுதி வைப்பதில்லை. பாடப்புத்தகத்தில் ஒல்லாந்தர் சட்டம் வரும், கோல்புறூக் சீர்திருத்தம் வரும். அம்மம்மா தலையணைக்குக் கீழே ஒளித்து வைத்த நாவல் வராது. ஆனாலும் எங்களை வளர்த்தெடுத்ததில் அந்த நாவலுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

தொடங்க முதல் ஒரு அளவுகோலை எடுத்துக்கொள்வோம். 1999 இல் நெதர்லாந்து ஆய்வாளர் பட்டி வால்கன்பர்க்கும் அவரது கூட்டாளிகளும், தொலைக்காட்சி விசயத்தில் பெற்றோர் பிள்ளைகளோடு நடந்துகொள்ளும் விதத்தை மூன்றாகப் பிரித்தார்கள். ஒன்று, விதி போடுவது: இதைப் பார்க்காதே, இத்தனை மணிக்குப் பிறகு பார்க்காதே. இரண்டு, கதைத்து விளங்கப்படுத்துவது: இது ஏன் இப்படி, இது உண்மையா, இது சரியா. மூன்று, ஒன்றும் சொல்லாமல் கூட இருந்து சேர்ந்து பார்ப்பது. தடை, கதை, துணை என்று சுருக்கமாக வைத்துக்கொள்ளலாம். எங்கட வீடுகளின் வரலாற்றை இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் ஒரு விசயம் தெளிவாகத் தெரிகிறது. வீட்டில் சத்தமாகக் கேட்டது எப்பவும் தடைதான். ஆனால் பிள்ளைகளை உண்மையில் காப்பாற்றியது பெரும்பாலும் துணை. அந்தத் துணை யாரும் திட்டம் போடாமலே கிடைத்தது. இப்போது அது தானாகக் கிடைப்பதில்லை. பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

கதைப்புத்தகம் கூடாது

தமிழில் நாவல் வந்தபோதே அதன் மீது ஒரு சந்தேகமும் சேர்ந்து வந்தது. 1879 இல் வெளியான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தின் ஆசிரியர் வேதநாயகம் பிள்ளை, தன் கதை நல்லொழுக்கத்தைப் போதிக்கும் என்று வாசகருக்கு உறுதி சொல்லித்தான் அதைக் கொண்டுவந்தார். இலங்கையில் 1885 இல் சித்திலெப்பையின் 'அசன்பேயுடைய சரித்திரம்' வந்தது. 1914 இல் மங்களநாயகம் தம்பையா 'நொறுங்குண்ட இருதயம்' எழுதினார். ஒரு பெண் நாவல் எழுதிவிட்டார். ஆனால் பெண்பிள்ளைகள் நாவல் வாசிப்பதை வீடுகள் ஏற்றுக்கொள்ள இன்னும் பல காலம் எடுத்தது.

காரணம் விளங்காததல்ல. புராணமும் பாரதமும் வீட்டிலும் கோயிலிலும் ஒருவர் வாசிக்கப் பலர் கேட்டவை. ஒருவர் படிப்பார், இன்னொருவர் பயன் சொல்லுவார். அங்கே கதையும் துணையும் சேர்ந்தே இருந்தன. நாவல் அப்படி இல்லை. அதை ஒரு ஆள் ஒரு மூலையில் இருந்து வாய் அசையாமல் வாசிக்கலாம். பிள்ளையின் தலைக்குள் என்ன போகிறது என்று தாய்க்குத் தெரியாது. பெற்றோர் பயந்தது புத்தகத்துக்கு இல்லை, அந்தத் தனிமைக்கு என்றுதான் எனக்குப் படுகிறது. இன்றைக்குப் போனைப் பார்த்து வருகிற பயமும் அதே இனம்தான்.

தடை வந்தால் ஒளிப்பும் வரும். பௌதிகவியல் புத்தகத்துக்கு நடுவே வாரச்சஞ்சிகை, அரிசிப் பானைக்குப் பின்னால் தொடர்கதைக் கட்டு, நூலகத்தில் இருந்து சிநேகிதியின் பெயரில் எடுத்த புத்தகம். இவற்றைச் சொல்லிச் சிரிக்காத அம்மம்மா இல்லை. அம்புலிமாமா 1947 இலும் முத்து காமிக்ஸ் 1972 இலும் தொடங்கின. இவையும் ஆரம்பத்தில் "நேரத்தை வீணாக்கிற சாமான்" என்ற பட்டியலில்தான் இருந்தன.

1970களின் தொடக்கத்தில் அரசாங்கமே ஒரு தடை போட்டது. சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. அதன் நோக்கம் பதின்ம வயதுப் பிள்ளைகளைக் காப்பது இல்லை. அந்நியச் செலாவணியும் உள்ளூர் உற்பத்தியும்தான். ஆனால் விளைவு சுவாரசியமானது. இந்திய வாரச்சஞ்சிகைக்கு ஏங்கிய வாசகர்களுக்கு வீரகேசரி மலிவு விலையில் ஈழத்து நாவல்களை வெளியிட்டது. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' அப்படி 1973 இல் வந்து, 1978 இல் படமும் ஆனது. வெறும் தடை மட்டும் இருந்திருந்தால் கடத்தல்தான் மிஞ்சியிருக்கும். வேறு ஒன்றை வாசிக்கக் கொடுத்ததால்தான் ஒரு வாசகர் கூட்டம் உருவானது. பிள்ளை வளர்ப்புக்கும் இது பொருந்தும்.

பிறகு 1981 யூன் வந்தது. யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 புத்தகங்களோடு எரிந்தது. அதற்குப் பிறகு எங்கட சமூகத்தில் புத்தகம் என்ற சொல்லின் கனமே மாறிவிட்டது. "கதைப்புத்தகம் வாசியாதை" என்று சொன்ன அதே வீடுகள் புத்தகத்துக்காக அழுதன. இன்றைக்கு அம்மா புத்தகத்தைப் புனிதமாகக் காட்டுவதற்குள் அந்தச் சாம்பலும் கொஞ்சம் இருக்கிறது.

விறாந்தையில் ஒரு வானொலி

1925 இல் கொழும்பில் வானொலி தொடங்கினாலும், தமிழ்ப் பிள்ளைகளின் வாழ்க்கைக்குள் அது முழுதாக நுழைந்தது 1950 இல் வர்த்தக சேவை வந்த பிறகுதான். மயில்வாகனன், பிறகு கே. எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீத் என்று அறிவிப்பாளர்களே நட்சத்திரங்கள் ஆனார்கள். சினிமாப் பாட்டுக் கேட்டுப் பிள்ளைகள் பழுதாப் போகுதுகள் என்ற புலம்பல் அப்போதே தொடங்கிவிட்டது.

அந்தப் புலம்பலை ஒரு நாட்டுக் கொள்கையாகவே ஆக்கினார் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சர் பி. வி. கேஸ்கர். 1952 இல் பதவிக்கு வந்தவர், சினிமாப் பாட்டு தரம் குறைந்தது, மக்கள் சாஸ்திரிய சங்கீதம் கேட்க வேண்டும் என்று முடிவெடுத்தார். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய இல்லாமல் போனது. ஒரு கண்டிப்பான அப்பா முழு நாட்டுக்கும் அமைச்சராக வந்தால் எப்படி இருக்கும், அப்படித்தான். நேயர்கள் என்ன செய்தார்கள்? வானொலியின் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியைப் பிடித்தார்கள். அமீன் சயானியின் 'பினாக்கா கீத்மாலா' வட இந்தியா முழுவதும் இலங்கையில் இருந்துதான் கேட்டது. தமிழ்நாட்டில் எங்கட தமிழ்ச் சேவைக்கும் அதே கதைதான். கடைசியில் 1957 இல் விவித் பாரதியைத் தொடங்கி இந்திய அரசு சினிமாப் பாட்டைத் திரும்ப உள்ளே எடுத்தது. ஐந்து வருடத் தடை, பக்கத்து நாட்டு வானொலியை வளர்த்ததோடு முடிந்தது.

ஆனால் வானொலியின் முக்கியமான பாடம் வேறு. அது வீட்டுக்கு ஒன்று. சில இடங்களில் ஒழுங்கைக்கே ஒன்று. விறாந்தையில் அல்லது நடு அறையில் இருக்கும். அப்பா செய்தி கேட்கும்போது பிள்ளையும் கேட்டது, பிள்ளை பாட்டுக் கேட்கும்போது அடுப்படியில் அம்மாவும் கேட்டா. நாடகத்தில் ஒரு காதல் கட்டம் வந்தால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சங்கடம். யாராவது ஒருவர் செருமுவார், அல்லது "உது என்ன நாடகம்" என்பார். அந்தச் செருமலுக்குள் ஒரு வீட்டின் முழு ஒழுக்க நெறியும் இருந்தது. யாரும் விதி எழுதவில்லை, யாரும் உபதேசம் செய்யவில்லை. எது சரி, எது அளவுக்கு மிஞ்சினது என்று பிள்ளை பக்கத்தில் இருப்பவர்களின் முகத்தைப் பார்த்துப் படித்தது.

தியேட்டரும் டெக்கும்

சினிமா இன்னும் பெரிய சண்டை. வின்சர், ராணி, மனோகரா, லிடோ, ராஜா, ஸ்ரீதர் என்று யாழ்ப்பாணம் முழுக்கத் தியேட்டர்கள் இருந்த காலத்தில், பள்ளிக்கூடத்தைக் கட் அடித்துப் படத்துக்குப் போவது பெடியளுக்கு ஒரு வீரம். ஆனால் அந்த இருட்டுக்குள்ளும் ஊர் இருந்தது. முன் வரிசையில் பக்கத்து வீட்டு மாமா இருப்பார், வாசலில் தெரிந்த கடைக்காரர் நிற்பார். அடுத்த நாள் சேதி வீட்டுக்கு வந்துவிடும். பெட்டையளுக்கு அந்த வீரமும் இல்லை. குடும்பத்தோடு போனால்தான் படம்.

1980களில் டெக் வந்தது. வெளிநாட்டில் இருந்தவர்கள் அனுப்பினார்கள், இல்லாதவர்கள் வாடகைக்கு எடுத்தார்கள். ஒரு இரவுக்கு ரீவி, டெக், கரண்ட் இல்லாத ஊரென்றால் ஜெனரேற்றர், அதோடு மூன்று நாலு படக் கொப்பி. காசு பிரித்துக் கட்டியதால் ஒழுங்கையே ஒரு முற்றத்தில் இருந்தது. முதல் படம் சாமிப் படம், கடைசிப் படம் சண்டைப் படம். எந்தப் படம் எப்போது போடுவது என்று ஒழுங்குபடுத்தினதே ஒரு தணிக்கை. சின்னப் பிள்ளைகள் நித்திரையான பிறகு போட வேண்டியதை நித்திரையான பிறகுதான் போட்டார்கள்.

தொலைக்காட்சிச் சேவை 1979 இல் ஐ.ரி.என்னோடும், 1982 இல் ரூபவாஹினியோடும் நாட்டுக்குள் வந்தது. வடக்கில் உயரமான அன்ரனா கட்டியவர்களுக்குக் கடலைத் தாண்டித் தூரதர்ஷனும் தெரிந்தது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்க ரீவி இருந்த வீட்டுக்குப் போகாத பிள்ளை குறைவு. பிறத்தியார் வீட்டில், அவர்கள் சொன்ன இடத்தில், அவர்கள் ஓவ் பண்ணும் வரைக்கும்தான் பார்க்கலாம். அதற்கு மேல் ஒரு கட்டுப்பாடு தேவையா?

சைக்கிள் டைனமோக் காலம்

1990 யூனில் இரண்டாம் கட்ட யுத்தம் தொடங்கியதும் குடாநாடு இருளுக்குள் போனது. மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடைப் பட்டியலில் எரிபொருளும் இருந்தது, பற்றரியும் இருந்தது. இன்றைக்கு எங்களுக்குப் போன் விதி போடுகிற பெற்றோரில் பெரும்பாலானோர் அந்த இருட்டில்தான் பதின்ம வயதைக் கழித்தார்கள். இதை நாங்கள் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

அவர்கள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள். சைக்கிளை ஸ்ராண்டில் விட்டு, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். பழைய பற்றரியை வெய்யிலில் காயவைத்துக் கடைசிச் சொட்டு வரைக்கும் பாவித்தார்கள். கேட்டதும் பாட்டு இல்லை. பிபிசி தமிழோசை, வெரித்தாஸ், புலிகளின் குரல். எங்கே செல் விழுந்தது, யார் இடம்பெயர்ந்தது என்று அறியத்தான் பெடலைச் சுற்றினார்கள். பொழுதுபோக்குக்குப் பெடல் சுற்றினால் பெரியாக்கள் ஏசினார்கள் என்பதும் உண்மைதான்.

அந்தக் காலத்தில் பிள்ளை என்ன பார்க்கலாம் என்று தீர்மானித்தவர்கள் பெற்றோர் மட்டும் இல்லை. ஒரு பக்கம் அரசின் தடை. மறு பக்கம், புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் இந்தியப் படங்களுக்குத் தணிக்கை. இராணுவம் வந்த பிறகு புலிகளின் குரலைச் சத்தமாகக் கேட்கப் பயம். பெற்றோரின் கவலையும் வேறு மாதிரி இருந்தது. பிள்ளை காதல் பாட்டுக் கேட்டுக் கெட்டுப்போகும் என்று பயப்படுவதற்கு அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை. இயக்கப் பாட்டையும் தெருநாடகத்தையும் பார்த்துவிட்டுப் பிள்ளை ஒரு நாள் வீட்டுக்கு வராமல் போய்விடுமோ என்பதுதான் பயம். பலருக்கு அது நடந்தும் இருக்கிறது. அந்தப் பயத்தை வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. "கதைத்து விளங்கப்படுத்துவது" என்ற இரண்டாவது வழி அடைபட்டது இப்படித்தான் என்று நினைக்கிறேன். ஆபத்தான விசயத்தைப் பிள்ளையோடு கதைக்காமல் இருப்பதே பாதுகாப்பு என்று ஒரு முழுத் தலைமுறை பழகிக்கொண்டது.

1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் முழுக்க ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, விறாந்தையும் போனது, வானொலி வைத்த மேசையும் போனது. தாயிடமிருந்து மகளுக்குக் கைமாறி வந்த வீட்டுப் பழக்கங்கள் அகதி முகாமில் எப்படித் தொடரும்? எங்கட பெற்றோருக்கு ஊடகத்தை வழிநடத்தத் தெரியாது என்று நாங்கள் நக்கல் அடிக்கும்போது, அவர்களுக்கு வழிநடத்த ஊடகமே கையில் இருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சீரியல் நேரம்

2002 இல் போர்நிறுத்த உடன்படிக்கையும் ஏ9 பாதைத் திறப்பும் வந்தன. கூடவே சாமான்கள் வந்தன: கலர் ரீவி, சிடி பிளேயர், கேபிள் இணைப்பு, கைத்தொலைபேசி. சன் ரீவி சீரியல்கள் பின்னேரங்களைப் பிடித்துக்கொண்டன.

இந்தக் காலத்தில் விதிகள் பெருகின. ஓ.எல் வருடம் என்றால் கேபிளை வெட்டுவது, சோதனை முடியும்வரை ரீவிக்குத் துணி போட்டு மூடுவது, ரிமோட்டை அலுமாரிக்குள் பூட்டுவது. ஆனால் அம்மாவும் அப்பம்மாவும் சீரியல் பார்த்தார்கள். பிள்ளை அறைக்குள் இருந்து கணக்குச் செய்துகொண்டே காதால் பார்த்தது. விதி போட்டவரே அதே பொருளைப் பாவிக்கும் நிலை எங்கட வரலாற்றில் பெரிய அளவில் வந்தது இங்கேதான். அதற்கு முதல் அப்பாவும் சினிமாப் பாட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் தினமும் குறித்த நேரத்தில், பிள்ளையைத் தள்ளி வைத்துவிட்டு, வீட்டார் முழுப்பேரும் ஒரு பெட்டிக்கு முன்னால் இருந்ததில்லை. "நீங்கள் மட்டும் பாக்கலாமோ" என்ற கேள்வி அப்போது பிறந்தது. இன்றைக்கு வட்ஸ்அப்பில் விடிய எழும்பினவுடன் 'காலை வணக்கம்' அனுப்புகிற பெற்றோரிடம் நாங்கள் கேட்பதும் அதைத்தான்.

போன் பள்ளிக்கூடமான வருடம்

2020 மார்ச் நடுப்பகுதியில் கொரோனாவால் நாடு முழுவதும் பாடசாலைகள் மூடப்பட்டன. அதுவரைக்கும் போன் என்பது பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுபோனால் பறிக்கப்படும் பொருள். ஒரு சில கிழமைகளில் போன்தான் பள்ளிக்கூடம் என்றாகிவிட்டது. வட்ஸ்அப் குறூப்பில் நோட்ஸ், சூமில் ரியூசன், யூரியூப்பில் பாடம். ஊவா மாகாணத்துக் கிராமம் ஒன்றில் பிள்ளைகள் சிக்னலுக்காகக் காட்டுக்குள் போய் மரத்திலும் பாறையிலும் ஏறியிருந்து படித்த படங்கள் 2021 இல் உலகச் செய்திகளில் வந்தன. 2022 இல் எரிபொருள் நெருக்கடி வந்தபோது திரும்பவும் அதே நிலை.

இதன் வரலாற்று முக்கியத்துவத்தை நாங்கள் இன்னும் சரியாக உணரவில்லை. கதைப்புத்தகமும் வானொலியும் சினிமாவும் ரீவியும் படிப்புக்கு எதிரி என்று சொல்லித்தான் தடுக்கப்பட்டன. ஒரு நூற்றாண்டாகப் பெற்றோரின் கையில் இருந்த ஒரே வாதம் அதுதான். 2020 இல் அந்த வாதம் ஒரே அடியில் விழுந்தது. கடன்பட்டு, நகை அடைவு வைத்து, பெற்றோரே போன் வாங்கிக் கொடுத்தார்கள். பாடமும் ப்ரீ பயரும் டிக்டொக்கும் ஒரே திரையில் இருந்தன. விறாந்தை இல்லை, செருமல் இல்லை, கொப்பி தேர்ந்தெடுக்கும் மாமா இல்லை. காதில் இயர்போன். நாவல் வந்தபோது பயந்த தனிமை, இந்த முறை முழுமையாக வந்து சேர்ந்தது.

பள்ளிக்கூடம் திறந்ததும் பெற்றோர் பழைய ஆயுதத்துக்கே திரும்பினார்கள்: பறிப்பது. கொடுத்த பொருளைத் திரும்பப் பறிப்பது, கொடுக்காமல் விடுவதை விடக் கொடுமையானது என்பது வேறு கதை.

அண்ணாவின் போன், தங்கச்சியின் போன்

தடை எல்லோருக்கும் ஒரே அளவாக விழவில்லை. இந்த வரலாற்றில் தொடக்கம் முதல் மாறாமல் இருக்கும் ஒரே விசயம் இதுதான். நாவல் அண்ணாவுக்கு நேர விரயம், தங்கச்சிக்கு ஒழுக்கக்கேடு. தியேட்டர் அண்ணாவுக்குக் குழப்படி, தங்கச்சிக்குக் குடும்ப மானம். யுனிசெவ் சில வருடங்களுக்கு முதல் இலங்கை பற்றி வெளியிட்ட தகவலிலும், 11 முதல் 18 வயதுக்குள் இணையம் பாவிக்கும் ஆண்பிள்ளைகளின் வீதம் பெண்பிள்ளைகளினதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. அண்ணாவுக்குச் சொந்தப் போன் இருக்கும். தங்கச்சிக்கு அம்மாவின் போன், அம்மாவுக்கு முன்னால், பாஸ்வேர்ட் எல்லோருக்கும் தெரிந்தபடி.

இங்கேதான் ஒளிப்பின் விலை மாறுகிறது. அம்மம்மா ஒளித்து வைத்த நாவல் பிடிபட்டால் இரண்டு அடி விழும், புத்தகம் அடுப்புக்குள் போகும். அதோடு சரி. நாவல் திரும்பிவந்து அவவை மிரட்டாது. இன்றைக்கு ஒரு பதினாறு வயதுப் பிள்ளை ஒளித்து ஒரு கணக்கு வைத்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரோ அவளுடைய படத்தை எடுத்து, மாற்றி, "உன்ர வீட்டுக்கு அனுப்புவன்" என்று மிரட்டுகிறான். அவள் முதலில் யாரிடம் போக வேண்டும்? அம்மாவிடம். ஆனால் சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். போன் போகும், ரியூசன் போகும், சிலவேளை ஏ.எல்லே போகும். அதனால் அவள் சொல்ல மாட்டாள். மிரட்டுகிறவன் நம்பியிருப்பதும் அந்த மௌனத்தைத்தான். வீட்டுத் தடை இங்கே பிள்ளைக்குக் காவல் செய்யவில்லை, மிரட்டுகிறவனுக்குக் காவல் செய்கிறது.

பெற்றோரின் பயம் பொய் என்று நான் சொல்லவில்லை. சோனியா லிவிங்ஸ்டனும் கூட்டாளிகளும் எட்டு ஐரோப்பிய நாடுகளின் பெற்றோரை வைத்துச் செய்து 2017 இல் வெளியிட்ட ஆய்வு, தடை போடுகிற வீடுகளில் பிள்ளைகளுக்கு ஆபத்துக் குறைவு என்பதை ஒத்துக்கொள்கிறது. ஆனால் அதே வீடுகளில் பிள்ளைகள் இணையத்தில் கற்றுக்கொள்ளும் வாய்ப்பும் குறைகிறது. கதைத்து, கூட இருந்து வழிநடத்தும் வீடுகளில் வாய்ப்பும் கூட, ஆபத்தும் கொஞ்சம் கூட. சும்மா கிடைக்கிற வழி எதுவும் இல்லை. எங்கட நிலைமையில் நான் கேட்கிறது ஒன்றைத்தான்: ஆபத்து வரும் நாளில் பிள்ளை வாய் திறக்குமா? தடை மட்டும் உள்ள வீட்டில் அது நடப்பது கஷ்டம்.

இனி என்ன

அரசாங்கங்களும் இப்போது பெற்றோராக மாறிவருகின்றன. அவுஸ்திரேலியா 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டத்தை 2024 நவம்பரில் நிறைவேற்றி, 2025 டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. எங்கட நாட்டில் 2018 திகன வன்முறையின்போதும் 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகும் முக்கியமான சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. அந்த நாட்களில் பாதிப் பேர் விபிஎன் போடப் பழகினார்கள். கேஸ்கர் காலத்து நேயர் முள்ளைத் திருப்பினது போலத்தான்.

ஆகவே பெற்றோரிடம் கேட்க ஒன்று இருக்கிறது. போனைப் பறிக்கிறதுக்கு முதல், அதைப் பிள்ளையோடு சேர்ந்து ஒருக்கால் பாருங்கோ. பிழை பிடிக்கிறதுக்கு இல்லை, உங்கட அம்மா விறாந்தையில் உங்களோடு வானொலி கேட்ட மாதிரி. "என்ன நடந்தாலும் என்னட்டச் சொல்லு, போனைப் பறிக்க மாட்டன்" என்று ஒரு வாக்குக் கொடுங்கோ, கொடுத்தால் காப்பாற்றுங்கோ. மகனுக்குப் போடாத விதியை மகளுக்குப் போடாதேங்கோ.

எங்களிடமும் ஒன்று. எங்கட பெற்றோரில் பலருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கவில்லை. நாங்கள் இரண்டையும் பார்த்தவர்கள். வீட்டில் தம்பி தங்கச்சி இருந்தால், அவர்களின் முதல் துணை நாங்கள்தான். தனியுரிமை அமைப்பை எப்படி மாற்றுவது, ஒருவரை எப்படி பிளொக் பண்ணுவது, மிரட்டல் வந்தால் அழிக்காமல் ஸ்கிறீன்ஷொட் எடுத்து வைப்பது, சிறுவர்களுக்கு 1929, பெண்களுக்கு 1938 என்ற உதவி இலக்கங்கள் இருக்கின்றன என்பது. இதையெல்லாம் அம்மா சொல்லுவா என்று காத்திருக்கத் தேவையில்லை.

அப்படியே ஒரு பின்னேரம் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கோ: உங்கட வயதில் அவ எதை ஒளித்து வைத்தா, யாருக்குப் பயந்து ஒளித்தா என்று. வாசித்ததா, கேட்டதா, எழுதினதா? அந்தக் கதையை அவ சொல்லத் தொடங்கினால், உங்கட போனைப் பற்றிக் கதைக்கிறதும் கொஞ்சம் சுகமாகும்.